மடக்குக் கத்தி வாங்கப் போறீங்களா?

ஆன்லைன்ல ஒரு மடக்குக் கத்தி ஆர்டர் பண்றீங்க. பெட்டி வருது, பிரிக்கிறீங்க. மடக்கி வச்சுப் பார்த்தா அலகு ரெண்டு தகட்டுக்கும் சரியா நடுவுல நிக்கல, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. பிடியில சின்னதா ஒரு கீறல். முனைக்குப் பக்கத்துல சாணை ஒரு பக்கம் அகலமா இருக்கு, மறுபக்கம் ஒடுங்கி இருக்கு. திருப்பி அனுப்புவீங்களா, வச்சுக்குவீங்களா?

இதை எங்க வகுப்புல கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர், "காசு குடுத்திருக்கோம்ல, பெர்ஃபெக்டா இருக்கணும்"னு சொன்னாங்க. மீதிப் பேர், "அந்த விலைக்கு அவ்வளவுதான்டா வரும், பேசாம வச்சுக்கோ"ன்னாங்க. ரெண்டு கட்சியிலயும் நான் இல்லை. நான் சொன்ன மூணு குறையும் கண்ணுக்குத் தெரியுற குறை. "பூட்டு நிக்குதா?"ன்னு ஒருத்தர்கூடத் திருப்பிக் கேட்கல.

எனக்கு இதுல இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் தாய்மாமாவோட வலது கை ஆள்காட்டி விரல். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்துல ஒரு நர்சரியில மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுறது அவர் வேலை. சப்பட்டை, பஞ்சவர்ணம்னு எங்க ஊர் மாம்பழம் சாப்பிட்டிருப்பீங்க. அந்த மரமெல்லாம் யாரோ ஒருத்தர் கத்தியால சீவி, குச்சியைச் சொருகி, பாலித்தீன் பட்டை சுத்திக் கட்டினதுல இருந்து வந்ததுதான். அவருக்குக் கூலி கன்னுக் கணக்கு. கட்டினா காசு, கட்டலைன்னா இல்லை.

போன சீசனுக்கு முன்னாடி அவர் மகன் ஆசையா ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் குடுத்தான். பிராண்ட் பேர் வேண்டாம். ரெண்டு வாரம் நல்லாத்தான் வெட்டுச்சு. ஒருநாள் காய்ஞ்ச குச்சி ஒண்ணை வெட்டும்போது அலகு சிக்கிக்கிச்சு. இழுக்கிறதுக்குக் கையை லேசாத் திருப்பினார், பூட்டு விலகி அலகு அவர் விரல் மேலேயே மடங்கிடுச்சு. நாலு தையல். சீசன் நேரத்துல பதினெட்டு நாள் வேலைக்குப் போகல.

மச்சான் கம்பெனிக்கு மெயில் போட்டான்: "கத்தி ஆடுது, சரியில்லை." பதில் வந்துச்சு: "அலகில் சிறிய அசைவு என்பது உற்பத்தியில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது." பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ரெண்டாவது தடவை படிச்சப்போ அந்த "அனுமதிக்கப்பட்ட அளவு"ங்கிற வார்த்தைதான் உறுத்துச்சு. யார் அனுமதிச்சது? எவ்வளவுக்கு?

எங்க அம்மா ராஜபாளையத்துல ஒரு நூற்பு மில்லோட தர ஆய்வகத்துல வேலை பார்க்கிறாங்க. அவங்ககிட்ட இந்த வார்த்தையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "நாங்க தினமும் அதைத்தானப்பா எண்ணுறோம்"னாங்க. நூலை மெஷின்ல ஓட்டி, ஆயிரம் மீட்டருக்கு எத்தனை மெல்லிசு, எத்தனை தடிப்பு, எத்தனை முடிச்சுன்னு கணக்கு எடுப்பாங்க. சராசரியைவிடப் பாதிக்கு மேல இளைச்சா மெல்லிசு, பாதிக்கு மேல பருத்தா தடிப்பு. ஒண்ணுகூட இல்லாத நூல் உலகத்துல எங்கயும் கிடையாது. கேள்வி 'இருக்கா இல்லையா' இல்லை, 'எத்தனை, எந்த வேலைக்கு' என்பதுதான். பனியன் துணிக்கு ஓடாத நூல் வேற எதுக்காவது ஓடும். "ஆனா நூல்ல எண்ணெய்க் கறையோட ஒரு கோன் பேண்டேஜ் துணிக்குப் போயிடுச்சுன்னா, அதுக்கு 'எத்தனை'ன்னு கணக்கே கிடையாது தம்பி. ஒண்ணுகூடப் போகக் கூடாது."

மூணாவது செமஸ்டர்ல நாம மனப்பாடம் பண்ணின விஷயம் இதுதான். குறைகளை மூணாப் பிரிக்கிறது: ஆளுக்கு ஆபத்து வரக்கூடியது, வேலையைக் கெடுக்கக்கூடியது, கண்ணை மட்டும் உறுத்துறது. ஒவ்வொண்ணுக்கும் தனி அளவு. அதுக்கான அட்டவணை நம்ம நாட்டுத் தர நிர்ணயத்துல ஐ.எஸ். 2500-ஆ இருக்கு, சர்வதேச அளவுல ஐ.எஸ்.ஓ. 2859. ரெண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவக் கொள்முதல்ல இருந்து வளர்ந்து வந்த அட்டவணை அது.

அதை ஒரு கத்தி லாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 கத்தி ஒரு லாட். வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனைன்னா 125 கத்தியை எடுத்துப் பார்க்கணும். ஏ.க்யூ.எல். 2.5-ன்னு ஒப்பந்தம் போட்டிருந்தா, அந்த 125-ல 7 வரைக்கும் குறையோட இருந்தாலும் லாட் பாஸ். 8 வந்தா ஃபெயில். மீதி 1,875 கத்தியை இந்தச் சோதனையில யாரும் திறந்துகூடப் பார்க்கறது இல்லை.

சும்மா கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க. நிஜத்துல 100-க்கு 5 கத்தி குறையுள்ள லாட், அதாவது ஒத்துக்கிட்ட அளவுக்கு ரெண்டு மடங்கு மோசமான லாட், இந்தச் சோதனையில பாஸாகுற வாய்ப்பு எவ்வளவு? பாய்சான் போட்டா சுமார் 70 சதவீதம் வருது. பத்துல ஏழு தடவை அது சந்தைக்கு வந்திடும். இதுல யாரும் திருட்டுத்தனம் பண்ணல. எல்லாக் கத்தியையும் ஒவ்வொண்ணா பார்த்தா விலை எங்கயோ போயிடும், அதனால இப்படி ஒரு ஒப்பந்தம். அதுல ஒரு தரப்பு நீங்க. உங்ககிட்ட யாரும் கையெழுத்து வாங்கல, அவ்வளவுதான்.

அதனால, பெருமளவு உற்பத்தியில வர்ற கத்தியில சாஞ்ச அலகு, கீறல், ஏறுமாறான சாணை இதெல்லாம் எனக்கு ஆச்சரியமே இல்லை. இதையெல்லாம் தாங்கிக்கலாம். சாஞ்ச அலகு பல மாடல்ல பிவட் ஸ்குருவைக் கொஞ்சம் திருகினா சரியாயிடும். சாணையை நீங்களே கல்லுல ரெண்டு தடவை பிடிச்சா நேராயிடும். பூட்டு விலகுறது இந்தக் கணக்குலயே வராது. அதுக்கு 125-ல 7 கிடையாது, பூஜ்யம்தான். கம்பெனிக்காரங்க பதில் ரெண்டாவது அட்டவணைக்கானது. மாமாவோட விரல் முதல் அட்டவணை.

அதனால நான் இன்னொரு மெயில் எழுதினேன். "ஆடுது"ங்கிற வார்த்தையே அதுல இல்லை. "அலகு திறந்து பூட்டிய நிலையில், அலகின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினால் பூட்டுத் தகடு விலகி அலகு மடங்குகிறது, இது பயன்படுத்துபவரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட குறை, வீடியோ இணைப்பில்" என்று நாலே வரி. கத்தியை வைஸ்ல பிடிச்சு, கை படாம எடுத்த வீடியோ. ஒரு வாரத்துல புதுக் கத்தி வந்துச்சு. பழசைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே அழிச்சிடுங்கன்னாங்க. பதினெட்டு நாள் கூலியைப் பத்தி யாரும் பேசல.

அழிக்கறதுக்கு முன்னாடி அதை எங்க காலேஜ் லேபுக்குக் கொண்டு போனேன். கத்தி பிரியர்கள் கூடினா முதல்ல ஸ்டீலைப் பத்தித்தான் பேசுவாங்க: 8சிஆர்13, டி2, 440சி. எனக்கும் ஸ்டீல் மேலதான் சந்தேகம். பிவட்டுக்குப் பக்கத்துல அலகு தட்டையா, தடிமனா இருக்கிற இடத்துல ராக்வெல் டெஸ்ட் வச்சோம். தெரியும்ல, 120 டிகிரி வைரக் கூம்பு, முதல்ல 10 கிலோ, அப்புறம் மொத்தம் 150 கிலோ. மூணு இடத்துல வச்சோம், மூணும் 55-ஐ ஒட்டியே வந்துச்சு. சுவிஸ் விக்டோரினாக்ஸ் கத்தியோட அலகே சுமார் 56-தான். ஸ்டீல்ல ஒரு குறையும் இல்லை!

அப்புறம் பூட்டை லென்ஸ்ல பார்த்தோம். அது லைனர் லாக். பிடிக்குள்ள இருக்கிற ஒரு தகடு ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு, அலகு திறந்ததும் அதோட அடிப்பாகத்துக்குப் பின்னாடி வந்து முட்டுக்கட்டையா நிக்கும். அந்த அடிப்பாகத்தை லேசான சரிவா அரைச்சிருப்பாங்க. தகடு அதுல நல்லா ஏறி உட்காரணும். இதுல தகட்டோட நுனி முழு அகலத்துல தொடவே இல்லை. ஒரு மூலை மட்டும் கோடு கிழிச்ச மாதிரி தொட்டிருக்கு. சரிவு அரைச்சதே அலை அலையா இருந்துச்சு. வேடிக்கை என்னன்னா, அந்தக் கத்தியில அலகு மட்டும் அச்சு அசலா நடுவுல நின்னுச்சு. பெட்டியைப் பிரிச்சு மேலோட்டமா பார்த்தா நீங்க அஞ்சு ஸ்டார் குடுப்பீங்க.

சரி, வாங்கினதும் என்ன பார்க்கணும்? நான் பண்றதைச் சொல்றேன். முதல்ல, அலகைத் திறந்து பூட்டுத் தகடு எங்க நிக்குதுன்னு பாருங்க. அலகின் தடிமன்ல கால்வாசிக்கு மேலயாவது ஏறி இருக்கணும், நாளாக நாளாகத் தேய்ஞ்சு இன்னும் உள்ளே போகவும் இடம் இருக்கணும். ஓரத்துல தொட்டும் தொடாமலும் நின்னா அப்பவே திருப்பி அனுப்பிடுங்க. அப்புறம் பிடியை வைஸ்லயோ, தடிச்ச துணி சுத்தின கையிலயோ விரல் எதுவும் அலகு மடங்குற வழியில இல்லாம பிடிச்சு, அலகோட முதுகை மெதுவா ஆரம்பிச்சுக் கூட்டிக் கூட்டி அழுத்துங்க. தகடு நகர்ந்தா அந்தக் கத்தி வேண்டாம். யூட்யூப்ல சிலபேர் கத்தி முதுகை மேஜையில ஓங்கி அடிச்சுக் காட்டுவாங்க. அதைச் செய்யாதீங்க, நல்ல பூட்டையும் அது கெடுத்திடும். பக்கவாட்டுல ஆட்டம் இருந்தா பிவட் ஸ்குருவைத் திருகிப் பார்க்கலாம். மேலும் கீழுமா ஆட்டம் இருந்தா அது பெரும்பாலும் பூட்டு சம்பந்தப்பட்டது, திருகினா போகாது. ரெண்டையும் ஒரே "ஆட்டம்"னு எழுதினாதான் மச்சானுக்கு வந்த மாதிரி பதில் வரும்.

குறையே இல்லாததைக் குறைன்னு திருப்பி அனுப்புறவங்களும் நிறைய. பிரான்ஸ்ல 1890-ல ஜோசப் ஓபினெல்னு ஒருத்தர் ஆரம்பிச்ச மடக்குக் கத்தி இன்னிக்கும் கிட்டத்தட்ட அதே வடிவத்துலதான் வருது. மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955-ல சேர்த்த ஒரு வளையம்தான் பூட்டு. கையால திருப்பினாதான் பூட்டும். மழைக்காலத்துல மரம் ஊறி அலகு உள்ளயே இறுகிக்கும். கார்பன் ஸ்டீல் வகையை வாங்கி மாங்காய் நறுக்கினீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல அலகு கறுத்துடும், துடைக்காம விட்டா துருவும் பிடிக்கும். இது பொருளோட குணம். வேண்டாம்னா ஸ்டெயின்லெஸ் வகை இருக்கு. அதே மாதிரி விக்டோரினாக்ஸோட சின்ன கத்திகள் பலதுல பூட்டே கிடையாது. முதுகு ஸ்பிரிங் அலகைத் திறந்த நிலையில இழுத்துப் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். "லாக் ஆகல"ன்னு புகார் குடுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க? எனக்கென்னவோ, பூட்டே இல்லைன்னு தெரிஞ்ச கத்தியைவிட, பூட்டு இருக்குன்னு நம்ப வச்சு விலகுற கத்திதான் ஆபத்துன்னு தோணுது. முதல் வகையைப் பிடிக்கும்போது கை தானாவே எச்சரிக்கையா இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா தினமும் பஸ்ல போறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்கினா பால்கோவா கடைகள்தான். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. ஆனா நேத்து வாங்கினதும் இன்னிக்கு வாங்கினதும் ஒரே நிறத்துல இருக்காது. ஒரு நாள் கொஞ்சம் சிவப்பு, ஒரு நாள் வெளுப்பு, ஒரு நாள் மணல் மணலா. யாரும் சண்டை போடறது இல்லை. லேசா புளிச்ச வாடை வந்தா மட்டும் பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டு நேரா கடைக்குப் போயிடுவோம். எது கண்ணுக்கு, எது வயித்துக்குன்னு பாட்டி முதல் பேரன் வரைக்கும் இங்க எல்லாருக்கும் தெரியும். அட்டவணை படிக்காமலேயே. அதோட, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு கிள்ளிக் கையில வைப்பாங்க பாருங்க, அந்தச் சோதனை பெட்டியில வர்ற கத்திக்குக் கிடையாது.

அரிவாளுக்கும் இப்படித்தான். எங்க பக்கத்துல இன்னும் பட்டறையில சொல்லி வச்சு அடிச்சு வாங்குறவங்க இருக்காங்க. லாரிப் பட்டையைக் காய்ச்சி அடிச்சு, தோய்ச்சல் போட்டுக் குடுப்பாங்க. திருப்பாச்சேத்திக்கு அரிவாள்ல அவ்வளவு பேர். பட்டறை அரிவாள் ரெண்டு எடுத்துப் பக்கத்துல வச்சா அளவுல ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. வெர்னியர் வச்சா நம்ம மெட்ராலஜி சார் மயங்கி விழுந்துடுவார். ஆனா வாய் மழுங்குதுன்னா, மடங்குதுன்னா மறுநாள் காலையில அடிச்சவர்கிட்டயே போய் நிக்கலாம். "பதம் கொஞ்சம் இறங்கிடுச்சு போல, குடு"ன்னு வாங்கித் திரும்பக் காய்ச்சுவார். அங்க தரக் கட்டுப்பாடு விற்றதுக்கு அப்புறமும் நடக்குது. மாமா என்ன வெட்டுவார், எப்படிப் பிடிப்பார்னு அந்த மனுஷனுக்குத் தெரியும். பெட்டிக் கத்தி செஞ்சவருக்கு மாமாவைத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது 125 மாதிரி மட்டும்.

இதுல இன்னொரு விஷயத்தை மாமா சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். புதுக் கத்தியில பூட்டெல்லாம் சரியா இருந்துச்சு. நான் அழுத்திப் பார்த்து, லென்ஸ்ல பார்த்து, நல்லா இருக்குன்னு குடுத்தேன். அவர் ஒரு குச்சியைச் சீவிப் பார்த்துட்டு, "மாப்ளே, இது ஒட்டுக்கு ஆகாது"ன்னுட்டார். ஏன்னு கேட்டா, ரெண்டு பக்கமும் சாணை பிடிச்ச அலகு சீவும்போது லேசா உள்ளே வளையும், சீவின முகம் தட்டையா வராது. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாணை, மறுபக்கம் பலகை மாதிரி. வேர்ச்செடியோட சீவலும் குச்சியோட சீவலும் காத்துப் புகாம ஒட்டணும். பட்டைக்குக் கீழ இருக்கிற பச்சை அடுக்கு ரெண்டும் தொடணும். நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி இருந்தா குச்சி காய்ஞ்சுடும். அலகு வாயில கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு போதும், பத்துக் கன்னுல மூணு போயிடும்னார். கம்பெனி அட்டவணையில அந்தப் பிசிறு சின்னக் குறை, வீட்டுல தக்காளி நறுக்குறவருக்கு அது குறையே இல்லை. மாமாவுக்கு அது கூலி. இப்போ பழைய நிலைக் கத்தியாலதான் ஒட்டுக் கட்டுறார். மடக்குக் கத்தி பட்டை கிழிக்க, கயிறு அறுக்க.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க வேலை என்னன்னு ஒரு வரி எழுதி வச்சுக்கோங்க. டிரெக்கிங்ல பழம் நறுக்கவா, பார்சல் பிரிக்கவா, தோட்டத்துக்கா? அந்த வேலையில எந்தக் குறை ரத்தம் வரவைக்கும், எது வேலையைக் கெடுக்கும், எது கண்ணை மட்டும் உறுத்தும்னு பிரிச்சுடுங்க. முதல் வகைக்கு எந்த விலையிலயும் விட்டுக்குடுக்காதீங்க. நூறு ரூபாய்க் கத்தியா இருந்தாலும் பூட்டுன்னு சொன்னா பூட்டணும். மூணாவது வகைக்காகத் திருப்பி அனுப்பி, டெலிவரி அண்ணனை நாலு தடவை அலைய விடறதுல எனக்கு உடன்பாடு இல்லை. நடுவுல இருக்கிறதுதான் விலையைப் பொறுத்து நீங்க முடிவு பண்ண வேண்டியது.

சட்டத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா எடிட்டர் திட்டுவார். வீட்டு வேலை, விவசாயம், தொழில் மாதிரியான உபயோகத்துக்குன்னு செய்யாத கத்தியில அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா அது ஆயுதச் சட்ட விதிகளுக்குள்ள வரும். பட்டனைத் தட்டினா பாயுற சினிமாக் கத்தி ஆசையெல்லாம் வேண்டாம். உத்தரப் பிரதேச ராம்பூர்ல அந்த மாதிரி கத்திக்கு 2023-ல ஒரு முச்சந்தியில 20 அடி உயரச் சிலையே வச்சாங்க; வேணும்னா போய் செல்ஃபி எடுத்துக்கோங்க. ஹாஸ்டல்ல எந்தக் கத்தியும் கூடாது, விமானத்துல கைப்பையிலயும் கூடாது.

மாமாவோட பழைய கத்தியை இன்னும் அழிக்கல. அதை வச்சு நானும் ரெண்டு நண்பர்களும் ஒரு சின்ன ஜிக் பண்ணிட்டு இருக்கோம்: பிடியை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், அலகு முதுகுல பிவட்டுல இருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு கொக்கி, அதுல தொங்கவிட எடைகள். எத்தனை கிலோவுல பூட்டு விலகுதுன்னு எண்ணா எழுதணும். "அனுமதிக்கப்பட்ட அளவு"ன்னு வார்த்தையா இல்லாம. இதுவரைக்கும் கையில இருக்கறது மாமாவோட ரெண்டு கத்தி, எங்க அப்பாவோட ஒரு கத்தி, அவ்வளவுதான். மூணை வச்சு ஒரு கிராஃப்கூடப் போட முடியாது. உங்க வீட்டுல, தோட்டத்துல, பூட்டோட வர்ற பழைய மடக்குக் கத்தி ஏதாவது கிடந்தா, எந்த பிராண்டா இருந்தாலும், உடைஞ்சிருந்தாலும், எங்களுக்கு வேணும். துறைத்தலைவர் கையெழுத்து போட்ட அனுமதிக் கடிதம் மெட்ராலஜி லேப்ல இருக்கு. கத்தியைத் துணியில சுத்தி, டேப் ஒட்டி, முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடி லேப் அண்ணன்கிட்ட நேரா குடுத்துடுங்க. பை செக் பண்ற கேட்ல மறக்காம முன்னாடியே சொல்லிடுங்க.